சாக்கின் நடுவில் ஒரு கை

அக்கா, இன்று காலை எடைக்கு வந்த முதல் தேயிலைச் சாக்கின் நடுவில் கையை விட்டேன். உள்ளே சூடு தட்டியது. கையை எடுத்து முகர்ந்தால் வெந்த கீரை வாடை. மேலே இருந்த இலை என்னவோ அப்போதுதான் பறித்தது போலப் பச்சைப்பசேல் என்று இருந்தது. "மேல் எல எப்பவும் நல்லாத்தான் கண்ணு இருக்கும். நடுவுல கை உட்டுப் பாரு" என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டது. கொண்டுவந்தவரிடம் இப்படி அமுக்கிக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கையைக் கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் ஃபேக்டரியில் அப்போது நீங்கள் எடைமேடையில், நான் ஆபீஸில். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று பலர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். பாதி வாரம் மெஷின் ஓடாது. ஓடாத நாட்களில் நீங்கள் குன்னூர்க் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவீர்கள். நான் போனில் ஜப்பான் அனிமே பார்ப்பேன். நீங்கள் அதைச் சந்தேகமாகப் பார்ப்பீர்கள்.

நீங்கள் எதைத்தான் சந்தேகப்படவில்லை? விலை ஏறப்போகிறது என்று பேப்பரில் வந்தால், "யாரு இருப்பு வெச்சிருக்கறானோ" என்பீர்கள். என் பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தபோதுகூட வாங்கிக்கொண்டு, "எதுக்குடா கண்ணு இது?" என்று கேட்டவர் நீங்கள்.

அனிமேயையும் விடவில்லை. அந்த வருடம் வந்ததெல்லாம் ஒரே மாதிரிக் கதைகள்தான். வேலையில் மிதிபட்ட ஒருவன் செத்து வேறு உலகத்தில் பிறப்பான், அங்கே மகாவீரன் ஆவான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கேட்டீர்கள்: "இல்லாதவன் வாழோணும்னா வேற ஒலகத்துக்குத்தான் போகோணுமா? இங்கியே வாழ உடமாட்டாங்களாமா? இத எடுக்கறவன் ஒரு மொதலாளியாத்தான் இருப்பான், பாத்துக்க." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு இணையத்தில் நான் எழுதிய கட்டுரையில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருந்தேன்.

தமிழில் அனிமே பேசும் ஒரு இணையக் குழுவில் நான் எழுதிவந்தேன். அனிமேயோடு நிற்காது. விலை கேட்டு இங்கே விவசாயிகள் ரோட்டோரம் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது, "நஷ்டம்னா வித்துட்டு வேற தொழில் பாக்க வேண்டியதுதானே" என்று ஏதோ ஊரிலிருந்து ஒருவர் எழுதினார். அவரோடு நாள் முழுக்க மல்லுக்கு நின்றேன். எழுதியதை உங்களிடம் படித்துக் காட்டுவேன். எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரே பதில்தான்: "நீளம் சாஸ்தி." நன்றாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தக் குழுவில் எனக்கு ஒரு எதிராளி இருந்தார். பெயர் கிடையாது, ஓநாய்ப் படம் மட்டும். நான் எதை எழுதினாலும் வந்து கிழிப்பார். இன்னொருவர் குடைப் படம் வைத்தவர். அவர் எதை எழுதினாலும் தலையாட்டுவார். கட்டுரைக்குக் கீழே ஒற்றை வரி, நல்லா இருக்குதுங்க என்று.

பிறகுதான் அந்தத் தேயிலை ஊர் அனிமே வந்தது. பட்டணத்து வேலையை விட்டுவிட்டு ஒருத்தி மலை ஊருக்குத் திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் நிம்மதி காண்கிறாள். மூடுபனி, சில்வர் ஓக் மாதிரி உயர்ந்த மரங்கள், ஆவி பறக்கும் கோப்பை. நான் உருகிப்போனேன். நீங்கள் கடைசிவரை பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இத்தன பேரு வர்றாங்க, ஒருத்தராச்சும் இன்னிக்கு எல என்ன வெலைன்னு கேட்டாங்களா? அப்ப அது டீ வெளையற ஊரே இல்ல." அன்று சாயங்காலம் ஓநாய் என் கட்டுரையின் கீழ் எழுதியிருந்தார்: இலை விலையை யாருமே கேட்காத தேயிலை ஊர் எங்கே இருக்கிறது?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். காற்றில் மரம் சாய்ந்து நம் பக்கம் கரண்டும் சிக்னலும் போகும் நாட்களில் ஓநாயும் வாயடைத்துப் போவார். லைன் வந்ததும் வந்துவிடுவார். ஒரு நாள் டீ இடைவேளையில் கேட்டே விட்டேன்.

"அக்கா, அந்த ஓநாய் நீங்கதானே?"

"நானா? எனக்குச் சொல்லோணும்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன். முகமூடி எதுக்கு?"

"நம்ப மாட்டேன்."

"நம்பாத. அதுதான் உனக்கு நல்லது."

நீங்கள் சிரித்தது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. அந்த எரிச்சலில்தான் சொன்னேன், ஓநாயையாவது சகித்துக்கொள்ளலாம், அந்தக் குடை ஒரு ஜால்ரா, என்னிடம் என்ன எதிர்பார்த்து அடிக்கிறாரோ, அவர் எழுதுவது என் கண்ணிலேயே படாதபடி மறைத்துவிட்டேன் என்று. நீங்கள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். "ஜால்ராவும் யாராச்சும் ஒருத்தரு தட்டோணுமில்ல" என்று சொல்லிவிட்டு எடைமேடைக்குப் போய்விட்டீர்கள்.

மழைக்காலத்தில் உங்களைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்தேன். குழுவில் எழுதுவதை விட்டுவிட்டேன். காரணத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் ஓநாய் இருக்கிறதென்றே நினைத்தேன். அக்கா, சாகக் கிடந்தவரைப் பார்க்க வந்த இடத்திலும் நான் உங்களை வேவு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் போன பிறகு நான் ஓநாய்க்காகக் காத்திருந்தேன். அவர் இனி வரவில்லையென்றால் அது நீங்கள்தான். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தச் சண்டையெல்லாம் உங்களோடு போட்டதாக எனக்கு மிஞ்சும் அல்லவா? ஆனால் புது அனிமே ஒன்று வந்த அன்றே ஓநாய் வந்துவிட்டார், எப்போதும் போல எகத்தாளமாக. நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அன்று நான் இரண்டாம் முறை அழுதேன்.

சில நாள் கழித்து அவரே எனக்குத் தனியாக எழுதினார். "ஏனுங்க, ஆளையே காணோம்? நானும் உங்க மலைதானுங்க, பிக்கட்டிப் பக்கம். நமக்கும் டீத்தோட்டந்தான். சண்டைக்கு ஆளில்லாம சப்புனு இருக்குது." இலை விலையைக் கேட்பதற்கு நீங்களாக இருக்க வேண்டியதில்லை, இந்த மலையில் யார் வீட்டில் அதைக் கேட்கவில்லை? மரம் சாய்ந்தால் அவர் வீட்டிலும் சிக்னல் போகும். இதைக்கூட யோசிக்காமல் துப்பறிந்திருக்கிறேன். கடைசியாக அவர் கேட்டிருந்தார்: "உங்க பக்கம் ஒரு குடைக்காரரு நிப்பாரே, அவரும் வர்றதில்லையே, என்னாச்சுங்க?"

மறைத்து வைத்ததை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நான் ஜால்ரா என்று சொன்ன பிறகும் குடை நிறுத்தவில்லை. நான் பார்க்கமாட்டேன் என்று தெரிந்தும் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் ஒரு வரி இருந்தது. உண்ணாவிரதத்தைப் பற்றி இரண்டாவதாக எழுதியதற்கு, "நடுவுல கை உட்டுப் பாத்து எழுதீருக்கறீங்க." தேயிலை ஊர் அனிமே பற்றி மறுபடி எழுதியதற்கு, "நீளம் சாஸ்தி. ஆனா நிறுத்த மனசு வல்ல." நான் எழுதாமல் விட்ட நாட்களில், கடைசிக் கட்டுரைக்குக் கீழே இது: "ஆஸ்பத்திரிக்கு அலையறதுல எழுதறத உட்றாதீங்க. படுத்திருக்கறவங்களுக்கும் பொழுது போகோணுமில்ல."

போனை மேஜையில் வைத்துவிட்டு எடைமேடைக்குப் போய் நின்றேன். மெஷின் ஓடாத நாள். யாரும் இல்லை.

சந்தேகப்படுவதை நான் விடவில்லை, அக்கா. உங்களோடு இருந்தவளுக்கு அது போகாது. ஆனால் யாராவது என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால், முன்பு போல உடனே ஒதுக்கிவிடாமல் அதற்குள்ளும் கையை விட்டுப் பார்க்கிறேன். நேற்று ஒரு கட்டுரை போட்டேன். நீளம் கொஞ்சம் சாஸ்திதான். ஓநாய் வந்து கிழித்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், கீழே குடை வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.