மயில் கழற்றிய காரின் விலை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, என் காரிலிருந்து ஹார்னைக் கழற்றுவது என்ற தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். வேறு யாரும் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கு முன் மூன்று நாள் விவாதம் நடந்தது. இந்த ஃபிஜித் தீவில் அரசாங்கங்களையே இதைவிடக் குறைந்த யோசனையில் கழற்றியிருக்கிறார்கள்.

ஸ்பேனரை வைத்துத் திருகியதும் துருவும் பழைய கிரீசும் கலந்த வாசனை எழுந்தது. லோவுவில் உன் வீட்டு முற்றத்தின் வாசனை அது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. பதில் தாமதமாகும் என்று தெரியும்.

தமிழில் எழுதுகிறேன். நமக்குள் தமிழ் கோயிலுக்கும் காருக்கும் மட்டும்தான் என்று வைத்திருந்தோம். மற்றதெல்லாம் ஹிந்துஸ்தானி. ஒருநாள் ஏற்றத்தில் வண்டி நின்றபோது நான் ஹிந்துஸ்தானியில் திட்டினேன். “தமிழ்ல திட்டு மச்சான். அந்த பாஷ அதுக்குப் புரியும், மனசு ஒடஞ்சிரும்” என்றாய். ஜப்பான் கார் அது.

லௌடோகாவில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கார்களுக்கு விலை மதிப்பது உன் வேலை. ஊரில் யாருடைய கார் என்ன பெறும் என்பது உன் பேனாவில் இருந்தது. கம்பெனி கொடுக்காத எதை மாட்டியிருந்தாலும் உனக்கு ஒரே சட்டம்தான்: “சேத்தா பத்து கழி.” நூற்றுக்குப் பத்து. ஜன்னல் திரைக்காக ஒரு டாக்சிக்காரர் உன் மேஜை முன் கண் கலங்கினார். நீ இரக்கத்தோடு தண்ணீர் கொடுத்தாய், பத்தைக் கழித்தாய்.

அந்த அலுவலக ஜன்னலுக்கு நேர்கீழேதான் உன் கார் நின்றிருக்கும். டாஷ்போர்டில் சிவப்பு வெல்வெட், கண்ணாடியைச் சுற்றி ஜரிகைக் குஞ்சம், பின்னால் கூரைத் தகரத்தில் நீயே வெட்டிய இறக்கை. முன்னால் இந்த மூன்று குழல் ஹார்ன். கூரையில், தைப்பூசக் காவடி ஊர்வலத்துக்காக போல்ட் போட்டு முடுக்கிய தகர மயில். ஊர்வலம் ஒருநாள், மயில் வருஷம் முழுக்க. “எறக்கி ஏத்துனா போல்ட்டு தேஞ்சிரும்” என்பது உன் விளக்கம். தினமும் உன்னோடு அந்த மயிலின் கீழ் நகராட்சி அலுவலகத்துக்கு எழுத்தர் வேலைக்குப் போய் இறங்கியவன் நான். என் பதவி உயர்வு தாமதமானதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. ஒரே ஆண்டில் நாட்டின் அரசாங்கத்தை இரண்டு முறை கழற்றி மாட்டினார்கள். அதனால் நாட்டின் மதிப்பு கூடியதாக எனக்குத் தகவல் இல்லை. நம் ஆட்கள் நாட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். லோவு ரோட்டில் மாமரத்துக்கு மாமரம் ஒரு கார், விற்பனைக்கு என்ற அட்டையோடு. உங்களுக்கும் நியூசிலாந்து விசா வந்தது; குறித்த நாளுக்குள் போய் இறங்க வேண்டும். வீடு குத்தகை நிலத்தில். விற்பதற்கு இருந்தது கார் ஒன்றுதான். நீ, உன் மனைவியான என் தங்கை, இரண்டு பிள்ளைகள்: இரண்டு முழு டிக்கெட், இரண்டு அரை. ஆக, அந்தக் கார் மூன்று டிக்கெட் பெற வேண்டும்.

அலுவலகப் படிவத்தையே கொண்டுவந்து, சமையலறையில் உட்கார்ந்து, சொந்தக் காரை நேர்மையாக மதிப்பிட்டாய். பத்து பத்தாகக் கழித்து வந்து பேனாவை வைத்தாய்.

“ரெண்டரை டிக்கெட்டு.”

தங்கை ரொட்டி தேய்ப்பதை நிறுத்தவில்லை. “அப்ப யார விட்டுட்டுப் போறது? பெரியவனா, சின்னவளா?”

“அரை டிக்கெட்டுதானே கொறையுது...”

“நீங்களே நின்னுக்குங்க. முழு டிக்கெட்டு மிச்சம். மீதி அரையில நான் சேல வாங்கிக்கிறேன். ஒங்க மயிலும் ஒங்க ஹார்னும் ஒங்களுக்குச் சோறு போடட்டும்.”

நீ என்னைப் பார்த்தாய். உடன்பிறந்தவன் என்ற முறையில் நான் ரொட்டியைப் பார்த்தேன்.

“எல்லாத்தையும் கழட்டிருவோம் மச்சான்” என்றாய். “கழட்டிட்டா கம்பெனி வண்டி. கம்பெனி வண்டின்னா மூணு.”

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். ஞாயிறன்று ரோட்டில் வண்டி ஓடக் கூடாது, யாரும் வேலை செய்யக் கூடாது என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. ஓடாத கார்தான் கழற்றத் தோதான கார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஒவ்வொன்றையும் மாட்டியபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தோம். கழற்றும்போது என்ன செய்வது என்று பெரியவர்கள் யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இருக்கட்டும் என்று பழத்தைப் பாதியாக அறுத்து வைத்தாய்.

பின் இறக்கை கீழே விழுந்த சத்தத்துக்கு ரோட்டில் போன போலீஸ்காரர் உள்ளே வந்தார். நல்ல உயரமான ஃபிஜிக்காரர். “புலா” என்று வணக்கம் சொல்லி, நம் ஹிந்துஸ்தானியிலேயே, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்று கேட்டார். நீ ஸ்பேனரோடு எழுந்து நின்று சொன்னாய்: “அரே பாய், செய்யக் கூடாதுன்னுதானே சட்டம்? செஞ்சத எடுக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?”

அவர் வெகுநேரம் யோசித்தார். சட்டம் அவருக்கும் புதிது. பிறகு தொப்பியைக் கழற்றி பானெட்டில் வைத்துவிட்டு, மயிலின் மறுபக்கத்தைப் பிடித்தார். தங்கை நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் கொண்டுவந்தாள். மூவரும் சிரட்டை சிரட்டையாகக் குடித்து, உதடு மரத்துப்போய், மரியாதையாக மயிலை இறக்கிக் கோழிக்கூண்டில் வைத்தோம். மாலைக்குள் ஒரு கோழி அதன் இறக்கைக்கடியில் முட்டையிட்டிருந்தது. அன்று நாம் சிரித்ததுபோல் நாட்டில் வேறு யாராவது சிரித்திருந்தால் அதற்கும் ஒரு சட்டம் வந்திருக்கும்.

பிறகுதான் காரைப் பார்த்தோம். முப்பத்தொரு ஓட்டைகள். உன் படிவத்தில் சேர்த்தவற்றுக்குக் கட்டம் இருந்தது; எடுத்தவற்றுக்கு இல்லை. இத்தனை வருஷத்தில் ஓட்டைக்கு நீ விலை போட்டதே இல்லை. பட்டி மாவு வைத்து அடைத்துப் பெயின்ட் பூசினோம். வண்டிக்கு அம்மை போட்டதுபோல ஆனது. கூரையில் இருந்த பெரிய நான்கையும் அடைக்க மாவு போதவில்லை.

புதன்கிழமை வந்த முதல் ஆள் கூரையை விரலால் தடவினார். “துப்பாக்கியா?”

“இல்லீங்க. மயிலு.”

அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்று நீ படியில் உட்கார்ந்து சொன்னாய்: “சேத்தா பத்து கழி. கழட்டுனா இருபது கழி. இதை எவனும் எனக்குச் சொல்லிக்குடுக்கல.” கார் இரண்டு டிக்கெட்டுக்கு இறங்கியிருந்தது. விசா நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. தங்கை பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் பேசியபோது எனக்கு இவ்வளவு பயமாக இல்லை.

சனிக்கிழமை பா ஊரிலிருந்து கரும்புக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை. நேராகக் கூரைக்குப் போனார்.

“மேல என்னா ஓட்ட?”

துப்பாக்கி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நீ ஒரு கணம் நினைத்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டாய். “மயிலு இருந்துச்சுங்க.”

“எம்மாம் பெரிசு?”

நீ இரண்டு கையையும் விரித்தாய்.

“எங்க அது?”

“கோழிக்கூண்டுல.”

போய்ப் பார்த்தார். கோழியை மெதுவாக நகர்த்திவிட்டு, மயிலைத் தட்டிப் பார்த்தார். “கோயிலுக்கு வண்டி தேடி மூணு மாசமா அலையிறேன். முருகன ஏத்தணும்னா, கூரையில ஓட்ட போட வுடமாட்டேன்றானுங்க. இங்க ஓட்ட தயாரா இருக்குது. என்ன வெல?”

நீ வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் தங்கையின் குரல் வந்தது. மூன்று டிக்கெட்டின் விலையை, காசு சுத்தமாகச் சொன்னாள்.

“மயிலோட?”

“மயிலோட. கோழியும் எடுத்துக்குங்க.”

ஹார்னை மட்டும் அவர் வேண்டாம் என்றார். “சாமி வர்ற வண்டி. இது எரும மாதிரி கத்துது.”

அவர் போனதும் நீ முற்றத்தில் நின்று கத்தினாய்: “பத்து வருஷமா நான் எழுதுனதெல்லாம் தப்பு மச்சான்! அத்தனையும் தப்பு!” ஒரு மனிதன் தன் தொழில் பொய்யானதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் ஞாயிறு. மயிலைத் திரும்ப ஏற்றும்போது போலீஸ்காரர் கூப்பிடாமலே வந்தார். இது நிச்சயமாக வேலைதான் என்று நீ எச்சரித்தாய். தான் இன்று வரவே இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கேட்டார்.

நாந்தி விமான நிலையத்தில் ஹார்னை என் கையில் கொடுத்தாய். என்னிடம் அப்போது கார் கிடையாது. அதன் பிறகு மூன்று வாங்கினேன். ஹார்ன் மூன்றிலும் மாறி மாறி ஏறியது, விற்கும்போதெல்லாம் உன் இருபது கழிந்தது. அங்கே நீ வாங்கிய காரில் முதல் வாரமே சிவப்பு வெல்வெட் ஏறிவிட்டதாகத் தங்கை எழுதினாள். பின்னாளில் இங்கே மறுபடி ஆட்சிக் கவிழ்ப்பு வந்தபோது, “எப்ப வர்ற?” என்று போன் செய்தாய். “ஹார்ன் மாட்டியிருக்கேன், எவன் வாங்குவான்?” என்றேன். அடுத்தடுத்த வருஷங்களிலும் நீ அதையே கேட்டாய், நான் அதையே சொன்னேன்.

உன் முதல் திதி வருகிறது. தங்கை போன் செய்தாள். “ஹார்ன எடுத்துக்கிட்டு வா அண்ணா. அவர் வண்டி சும்மாதான் நிக்குது. நா ஓட்டறேன்.”

துடைத்து, இரண்டு சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான்கு கிலோ. பெட்டியில் அடைப்பதற்கு முன் பேட்டரியில் கொடுத்து ஒருமுறை அடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு எருமை திரும்பிப் பார்த்தது.

வியாழக்கிழமை லௌடோகாவிலிருந்து ஒருவர் வந்து காரைப் பார்த்து வாங்கிக்கொண்டார். முன்பக்கத்து ஓட்டைகளுக்காக இருபது கழித்தார். மீதியில் போய்வர டிக்கெட் வரவில்லை. போக மட்டும் எடுத்திருக்கிறேன்.