புட்டில் குழி தோண்டத் தெரிந்தவன்

அன்பு மகள் சாரங்கிக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம், அவருடைய முழங்கால் மட்டும் பிரான்சிலிருந்து இன்னும் திரும்பி வரவில்லை. நீயும் லியோனில் நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு ஆரும் சொல்லி நீ அறியக்கூடாது. போன வெள்ளிக்கிழமை கோயிலில் அருள்நாயகி என்னைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, பிரான்சுக்குப் போனனீங்களாம், ஈபிள் கோபுரத்திலை ஏறினனீங்களோ" என்று கேட்டாள். நான் பாரிஸ் பக்கமே போகவில்லை, சின்னச் சின்ன ஊர் பார்த்தோம் என்று சொன்னால், அங்கை தமிழ்க்கடை இருக்கோ என்பாள், இல்லையென்றால் பிறகேன் போனனீங்கள் என்பாள். ஆகையால் ஏறினேன், மேலே சரியான காற்று என்று சொல்லிவிட்டேன். இப்போது படம் காட்டச் சொல்லி நிற்கிறாள். ரெலிபோன் தண்ணிக்குள் விழுந்துவிட்டது என்று அதற்கும் ஒன்று சொன்னேன், அதனால் கோயிலில் ரெலிபோனை வெளியே எடுக்க வழியில்லாமல் இருக்கிறேன்.

ரெலிபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். ரெலிபோனில் நீ டென்மார்க் பாஷையில் யா யா என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாய், கடிதத்தை விட்டு ஓட முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் நீ திருத்தி வாசி, எனக்குத் திருப்பி அனுப்பாதே. வாய்விட்டு வாசித்தால் விளங்கும்.

நீ கூட்டிக்கொண்டு போன ஊர்கள் எல்லாம் என் கண்ணுக்குள்தான் நிற்கின்றன. அன்னெசியில் அந்த வாய்க்கால், வீட்டு யன்னலெல்லாம் பூச்சட்டி, ஏரித்தண்ணி பச்சைக் கண்ணாடி மாதிரி. அப்பா மட்டும் இறங்கின நேரம் தொடங்கி, எங்கடை சில்க்போர்க்கிலும் ஏரி இருக்குத்தானே, இதுக்கு ஏன் பிளேன் எடுத்தனாங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே வந்த பிறகு வேலையிடத்தில் அதே ஏரியைத் தானே தோண்டினவர் மாதிரிப் பெருமை பேசுகிறாராம். அதற்கடுத்த நாள் பெரூஜ். அந்தக் கல் ஊருக்குப் போன சனிக்கிழமையைப் பற்றித்தான் உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவன், கார் வைத்திருக்கிறான், பாவம் எங்களுக்காக லீவு எடுத்தவன் என்று பஸ்தியானை நீ முதல் நாளே எங்களுக்குக் காட்டினாய். நானும் சரியென்று தலையாட்டினேன். அந்தச் சனிக்கிழமை காலையில் அவன் வந்து வாசலில் நிற்க, இராகு காலம் கழியட்டும் என்று அப்பா சப்பாத்தைப் போடாமல் இருந்துவிட்டார். அந்தப் பிரெஞ்சுப் பெடியன் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். அப்போதே எனக்குக் கொஞ்சம் இடித்தது. பிந்திப் போனதால் பெரூஜில் சாப்பாட்டுக்கடையில் அடுப்பை அணைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காலம், நான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன், அந்த மணத்துக்குக் கார்க் கண்ணாடியைத் திறந்து வைத்து நீ வழி நெடுக என்னை முறைத்தாய். கார் டிக்கியைத் திறந்து வைத்து, கடதாசித் தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவன் கரண்டி கேட்கவில்லை. புட்டை உதிர்த்து, நடுவில் குழி தோண்டி, அதற்குள் குழம்பை விட்டு, கறிவேப்பிலையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் பிசைந்தான். என் பிள்ளையே, வேலையிடத்துச் சிநேகிதனுக்குப் புட்டில் குழி தோண்ட ஆர் பழக்கினது? ஒரு நாள் இரண்டு நாள் பழக்கத்தில் அந்தக் கை வராது. நீ தலையைக் குனிந்துகொண்டு மீன் முள் எடுத்தாய், அந்த மீனில் முள்ளே இல்லை.

பிறகு அந்த உருண்டைக் கல் தெருவில் உனக்குச் சறுக்கியது. உன்னைப் பிடிக்க நீட்டிய கையை, அப்பா பார்ப்பதைக் கண்டதும் அவன் அப்படியே என் பக்கம் திருப்பினான். நான் விழவே இல்லை, ஆனாலும் பிடித்தேன். என் கையைப் பிடித்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்தான். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு ஆறு நாள் எங்களுக்கு ஊர் ஊராய்க் கார் ஓட்டினானே என்று எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. உன்னையும் சொல்லத்தான் வேண்டும், அம்மாவிடம் சொல்ல இத்தனை கல் ஊர் தேவையோ.

விமான நிலையத்தில் நீ என் காதுக்குள் கேட்டது, மார்கழி லீவுக்கு அவனையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரலாமோ என்று, அதை அப்பாவிடம் கேட்டேன். புல்லு வெட்டிக்கொண்டிருந்தவர் மெசினை நிற்பாட்டி, "பாப்பம்" என்றார், திரும்ப மெசினைப் போட்டார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அவன்ரை தாய் தேப்பன் என்ன செய்யினமாம்" என்று தட்டிலிருந்த மீனிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "ஒரு வாரம் காரிலை இருந்தனீ, அதைக் கேக்கேல்லையோ" என்று ஏசினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு புல்லு மெசினிடம் போய்விட்டார். கோயிலில் அருள்நாயகி, உங்களை ஆர் கூட்டிக்கொண்டு திரிஞ்சது என்று கேட்டாள். கோபுரத்தைப் பற்றி வாய் கூசாமல் பொய் சொன்ன எனக்கு, இதற்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை, தீபம் காட்டுகிறார்கள் என்று சொல்லி எழும்பிவிட்டேன். அந்த உண்மையை நான் தனியே சொல்லக்கூடாது, அப்பாவும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் மனம் திறக்குமட்டும் நீ அழாதே, அவனோடும் சண்டை பிடிக்காதே.

புட்டுமா வறுத்துப் பார்சலில் வைத்திருக்கிறேன், மிளகாய்த்தூளை வேறாய்க் கட்டியிருக்கிறேன், பிரித்துப் பார். தலைக்கு எண்ணெய் வை. நீ வைக்கும் அடி சறுக்காமல், பிடிக்கிற கை உனக்குப் பக்கத்திலேயே இருக்க அம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
சில்க்போர்க், டென்மார்க்.

பி.கு: கடிதத்தை மடிக்கப் போக, அப்பா ஆருடைய வான் வண்டியையோ இரவல் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே ஒரு கட்டில், நல்ல நீளம். ஆருக்கு என்று கேட்டேன். "அந்தப் பெடியன் நெட்டை, எங்கடை கட்டிலிலை காலை எங்கை வைக்கிறது" என்றார். உன் அறைக்கு இல்லையாம், மேலே சாமான் அறைக்காம். அவர் மேலே நின்று இழுத்தார், நான் கீழே நின்று தள்ளினேன். படி வளைகிற இடத்தில் கட்டில் இறுகிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அப்பா மேலே இருக்கிறார். தேத்தண்ணியைக் கட்டிலுக்கு மேலால் நீட்டினேன். சீனி காணாது என்றார்.