முகத்தில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை கழிந்த திங்கள், 1991. ஸ்ரீவில்லிபுத்தூர்.

இங்கே ஆபீஸில் பட்டனை அமுக்கினால் ஒயர்லெஸ்ஸில் மகாராஜபுரம் கண்மாய் மதகு திறக்க வேண்டும். காலையில் அசையவே இல்லை. போய்ப் பார்த்தால் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. பூஜையிலிருந்து நல்ல வெயில்தானே என்று மேலே ஏறினேன். சோலார் தகடு முழுக்கப் பட்டையாகச் சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. காவல்காரர் மாடசாமி அண்ணாச்சி வேலை.

"பொட்டை முகத்துல வைக்காம முதுகுலயா வைப்பாக?" என்றார்.

துடைத்ததும் மீட்டர் முள் ஏறியது. சும்மா ஒரு கட்டத்தை மட்டும் உள்ளங்கையால் மறைத்தேன். முள் படுத்துவிட்டது. இம்புட்டுப் பெரிய தகட்டுக்கு ஒரு கை போதுமா? அண்ணாச்சியும் கையை வைத்து வைத்து எடுத்தார். சாயங்காலம்வரை இதே விளையாட்டு.

கிளம்பும்போது கேட்டார்: "மழை பெஞ்சாத்தான மதகைத் திறக்கணும்? அன்னைக்கு வெயிலுக்கு எங்க போவீய?"

அதுக்குத்தான் பேட்டரி என்றேன். அது கால்வாசிகூட ஏறியிருக்காது.

இப்போது மலைப் பக்கம் மின்னுகிறது. மதகைக் கையால் திருகுகிற சக்கரம் சுற்றுமா என்று பார்க்காமலே வந்துவிட்டேன்.