ஸ்டூடியோக்காரர் கட்டிவிட்ட சிவப்புச் சேலை

நீ ஏன் சிவப்பை மட்டும் படம் எடுத்தாய்? இன்று பின்னேரம் உன் தம்பி செல்வம் கேட்டது இதைத்தான். தெரியாது என்றேன். இத்தனை வருஷம் உன்னோடு காடு மேடெல்லாம் அலைந்தவளுக்குத் தெரியாது என்பதை அவன் நம்பவில்லை. பதிலை வைத்துக்கொண்டே தர மறுக்கிறேன் என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

அவன் கொண்டுவந்த படம், கண்ணாடியும் சட்டமும் போட்டது, இப்போது என் மேசையில் திருத்தாத விடைத்தாள்களின் மேல் கிடக்கிறது. புது வார்னிஷ் வாடை வீடு முழுக்க. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் தலைவலி. திறந்தே வைத்திருக்கிறேன்.

படத்தில் இருப்பது நீயாம். நாளை உன் முதல் வருஷத் திதி. மாலை போட ஒரு படம் வேண்டுமென்று தேடியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தவளுக்கு அவள் படம் ஒன்று இல்லை. கல்யாணப் படம் உன் மாமியாரின் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் போய்க் கேட்கச் செல்வத்துக்குத் தைரியமில்லை. கடைசியில் உன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பதுளைக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறான். "மொகம் இருந்தா போதும், மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்" என்றாராம் ஸ்டூடியோக்காரர். என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேட்டிருக்கிறார். இவன் பெருமையோடு, "எங்கக்காவுக்குச் செவப்புன்னா உசுரு" என்று சொல்லியிருக்கிறான்.

அவ்வளவுதான். சரிகைக்கரை போட்ட செக்கச்செவேல் பட்டுச்சேலை, மார்பு நிறைய நகை, தலை நிறையப் பூ, நெற்றியில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குக் குங்குமம். பின்னால் துன்ஹிந்தை அருவி. மடியில் கோத்து வைத்திருக்கும் கைகள் வேறு யாருடையவோ. முகம் மடுல்சீமைத் தோட்டத்து முகம், கை கொழும்புக் கை. அடையாள அட்டைக்கே உரிய அந்த முறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். செல்வத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அவன் மனைவிதான் சொல்லியிருக்கிறாள்: "ஏங்க, புருஷன் செத்தவங்களுக்கா இப்படிப் பொட்டு வச்சுக் கொண்டாந்திருக்கீங்க? நாளைக்கு அந்தக் கெழவி வந்து பாத்தா நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிரும்." உடனே பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டான். படத்தை மாற்ற நேரமில்லை. மாலை போடாமல் திதி கொடுக்க மனமில்லை.

"டீச்சர், ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. ஸ்கூல் வெழாவுல ஒரு தடவ இந்தச் சேலயக் கட்டினாங்க, நான் பாத்தேன்னு. நீங்க கெம்பஸ் போயிப் பட்டம் படிச்சவங்க. நீங்க சொன்னா நம்பிருவாங்க."

பார்ப்போம் என்றேன். களைத்துப் போனவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில் அது.

உன் மாமியாரைப் பற்றிச் செல்வம் பயப்படுவதில் தவறில்லை. உன் கணவர் போனபோது உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. தம்பி வீட்டுக்கு வந்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நீ தோட்டத்தில் அதே லயத்து வீட்டில், அந்த மனுஷியோடேயே இருந்தாய். சனிக்கிழமை விடிந்ததும் கெமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ வாசலைத் தாண்டினால் பின்னால் வசவு தொடங்கும். ஒரு முறை நானே கேட்டேன்: "தாலி அறுத்தவ பூவுக்கும் பூச்சிக்கும் பின்னாடி போறாளே, ஊரு சிரிக்குது!" நீ திரும்பிப் பார்க்காமல், "சிரிச்சா நல்லதுதானே அத்த, அழவா சொல்றீங்க?" என்றபடி நடந்தாய்.

நமக்குள் பழக்கம் ஏற்பட்டதும் பூச்சியால்தான். பண்டாரவளையில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தோம். நீ கணக்கு, நான் உயிரியல். தேநீர் இடைவேளையில் ஒரு பெண் சேலையைச் செருகிக்கொண்டு வேலி ஓரமாகக் குப்புறப் படுத்திருப்பதைக் கண்டு, மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஓடிவந்தேன். நீ ஒரு சிவப்பு நாவாய்ப் பூச்சியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். அது எதற்குச் சிவப்பாக இருக்கிறது, தன்னைத் தின்ன வருவனவற்றை எப்படி எச்சரிக்கிறது என்றெல்லாம் நின்றபடியே விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர். ஒங்க நெழல் அது மேல விழுது, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாய்.

அதற்குப் பிறகு என் சனிக்கிழமைகளை நீ எடுத்துக்கொண்டாய். நான் பெரிய ஆர்வத்தோடு வந்தேன் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருந்தால் துணி துவைக்க வேண்டும், அதனால் வந்தேன். முருக்கமரம் இலை உதிர்த்துப் பூத்து நிற்கும் மாதங்களில் மின்சிட்டு வரும். ஆண் பறவையின் மார்பும் அந்தப் பூவும் ஒரே தணல். ஒரு நாள் பனிமூட்டத்துக்குள் வெகுநேரம் அதற்காகக் காத்திருந்தோம். கிளைக்கு வந்தது, நம்மைப் பார்த்தது, போய்விட்டது. நீ மெதுவாக என் பக்கம் திரும்பி, "கெம்பஸ்காரி, என்ன சட்ட போட்டிருக்க?" என்றாய். குளிருக்கு நான் போட்டிருந்தது சிவப்பு ஸ்வெட்டர்.

நீ ஒருபோதும் சிவப்பு உடுத்தியதில்லை. சாம்பல், காய்ந்த புல் நிறம், கழுவிக் கழுவிப் பெயர் தெரியாமல் போன ஒரு பச்சை. பறவை மிரளும், நம் துணியின் நிறம் ஈரக் காளானில் விழுந்து அதன் சொந்த நிறத்தைக் கெடுத்துவிடும் என்பாய். கெமராவுக்குச் சிவப்பு என்றால் பேராசை, கொஞ்சம் வெயில் பட்டாலும் இதழ், மடிப்பு, நரம்பு எல்லாவற்றையும் விழுங்கி ஒரே சிவப்புத் திட்டாக்கிவிடும் என்றும் சொல்வாய். அதனால் உனக்கு மப்பு வானம் பிடிக்கும். நம் ஊவா மலைகளில் அதற்குப் பஞ்சமில்லை.

உனக்கு மறுக்கப்பட்ட நிறம் என்பதால்தான் நீ அதைத் தேடிப் போனாய் என்று உன் காரியத்தன்று ஒரு ஆசிரியர் எழுந்து பேசினார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே, இரவல் கெமராவில் நீ செம்பருத்தியும் பொறிவண்டும் எடுத்து வைத்திருந்தாய், நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தே ஆக வேண்டுமா? உன்னிடமே ஒருதரம் கேட்டேன். "நீ ஏன் தேத்தண்ணிக்குச் சீனி போட மாட்டேங்கிற?" என்று திருப்பிக் கேட்டாய். பழகிப்போச்சு என்றேன். "அப்பப் பேசாம குடி."

கடைசி மாதங்களில் உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. இரத்தம் சுத்திகரிக்கப் பதுளைக்கு வந்து, முடிந்ததும் என் வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் போவாய். குழாய்களில் உன் இரத்தம் ஓடுவதைப் பார்த்தபடி ஒரு நாள் சொன்னாய்: "இத்தன வருஷம் காடெல்லாம் தேடினேன், நல்ல செவப்பு உள்ளுக்குள்ளயே இருந்திருக்குடி. அந்த மிஸ்கிட்ட ஒரு படம் எடுக்கக் கேளேன்." தாதியிடம் கேட்டேன். கூடாது என்றார். நியாயம்தான்.

நான் உன்னை எடுத்த படம் ஒன்று மட்டும் இருக்கிறது. செல்வத்திடம் இன்று காட்டினேன். உங்கள் தோட்டத்தில் வெட்டிப் போட்ட ஒரு மரத்தின் அடியில் கிண்ணம் கிண்ணமாகச் சிவப்புக் காளான். அதற்கு முன்னால் நீ குப்புறக் கிடக்கிறாய். உன் முதுகு, முழங்கைச் சேறு, ஒரு கால் செருப்பு. போனில் எடுத்ததுதான், அச்சடித்து வைத்திருந்தேன். செல்வம் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "மொகமே இல்லியே டீச்சர். யாருன்னு மால போடுறது?" என்றான். பிறகு, "நாளைக்குப் படத்தோட நீங்களே வந்துருங்க" என்று சட்டத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. ஆனால் நாளை வாயைத் திறந்தால், அந்தச் சேலைக்காரி நீயாகிவிடுவாய். திறக்காவிட்டால் உன் திதியில் சண்டை. எது செய்தாலும் உனக்குத் தெரியப் போவதில்லை. இதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். அது தேறவில்லை.

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பசறை தாண்டி மடுல்சீமை வரைக்கும் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். செல்வத்தின் வீட்டுச் சுவரில் மாட்டி, மாலையைக் கையில் எடுத்தபோதே உன் மாமியார் வந்துவிட்டார். கூன் விழுந்திருக்கிறது. படத்துக்கு நேரே போய் நின்றார். அடுப்படியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தச் சேலய இவ எப்பக் கட்டுனா?"

செல்வம் என்னைப் பார்த்தான். அந்த நிமிஷம்வரை நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. "கட்டலைங்க அம்மா" என்றேன். "ஸ்டூடியோவுல கட்டிவிட்டது."

அவர் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போனார். "கையும் இவ கையில்ல."

"இல்லீங்க."

"பொட்டும் அவன் வச்சதுதானா?"

"ஆமாங்க."

"ம். செத்த பொறகாவது ஒருத்தன் சிங்காரிச்சு விட்டானே." செல்வத்தின் பக்கம் திரும்பினார். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? மாலயப் போடு. சோறு ஆறுது."

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். சண்டை நடக்கவில்லை. சாப்பிட்டோம். படையலில் உனக்குப் பிடிக்காத பூசணிக்காயும் இருந்தது.

பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது அவரும் சந்திவரை கூட வந்தார். வழக்கம்போல பஸ் பிந்தியது. பேச எதுவும் இல்லாததால், காளானுக்கு முன்னால் நீ கிடக்கும் அந்தப் படத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே, பிறகு தூரே வைத்துப் பார்த்தார். யார் என்று நான் சொல்லத் தொடங்கியபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதா? இந்த முதுகத்தானே அத்தன வருஷமா ஏசுனேன்."

பஸ் வந்தது. அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.