இடது பக்கம் போகும் அம்பு

பிப்ரவரி 9

அம்புகள் வந்துவிட்டன. கல்லூரி முகவரிக்கு அனுப்பச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்திருந்தால் அறிவுமதிதான் முதலில் பிரித்திருப்பார். என்னைக் கட்டிய நாள் முதல் என் பார்சல் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

எல்லாம் கறுப்புக் கார்பன், ஐந்நூறாம் எண். எண் ஏற ஏற அம்பு துவளும், இறங்க இறங்க விறைக்கும். வில்வித்தை பழக வரும் மாணவிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். என் மரவில்லின் இழுவை ஐம்பது பவுண்டு. இத்தனை நாள் மூங்கில் அம்பை வைத்துக்கொண்டு ஓட்டினேன். சித்திரையில் தஞ்சாவூரில் போட்டி. அதற்குள் இந்த வில்லும் இந்த அம்பும் ஒத்துப்போக வேண்டும்.

பிப்ரவரி 15

அறுப்பு முடிந்து வயல் காய்ந்துவிட்டது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி, சாக்குப் போர்த்தி, இலக்கு வைத்தேன். ஓர் அம்பின் இறகுகளைச் சுரண்டி எடுத்தேன். இறகு அம்பின் தப்பை மறைத்துவிடும். மொட்டை அம்பு மறைக்காது. என்னைப் போல வலக்கைக்காரிக்கு அது இடது பக்கம் போனால் அம்பு விறைப்பு அதிகம். வலது பக்கம் போனால் துவளல் அதிகம்.

இடது பக்கம் போனது. கொஞ்சமாக அல்ல. வைக்கோல் கட்டுகளையே தொடாமல், வடிகால் கரையோரக் கோரைக்குள் போய் மறைந்தது.

அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த நீலாம்பாள் அக்காவும் கூடத் தேடினார். பக்கத்து வயல் அவருடையது. கார்த்திகை மழையில் வயலில் நின்ற தண்ணீரை வடிக்கிறேன் என்று மண்வெட்டியோடு போன அவர் கணவர் ரெத்தினம் திரும்பவே இல்லை. ஆற்றில் தேடினார்கள். மறுநாள் காலை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக யாரோ ஒருவர் சொல்ல, ஊர் தேடுவதை நிறுத்திவிட்டது. ஓடிப்போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எவளோடு என்பதுவரை பேசினார்கள்.

இருட்டியதும் “விடுங்கக்கா, போகட்டும்” என்றேன்.

“எங்க போச்சுன்னு தெரியாம எப்புடி டீச்சர் வூட்டுக்குப் போறது?” என்றார். அம்பைத்தான் சொன்னார்.

பிப்ரவரி 16

கிடைக்கவில்லை.

பிப்ரவரி 22

முனையில் கனம் ஏற்றினால் அம்பு துவளும். ஏற்றினேன். இடதுதான். இன்னும் ஏற்றினேன். இடதுதான். இறகு வைத்த அம்பும் இன்று அதே பக்கம் சாய்ந்து போய் அதே கோரையில் விழுந்து காணாமல் போனது. காற்று இல்லை. வைக்கோல் நுனிகூட அசையவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். வயல் முழுக்கக் கொக்குகள். அந்தக் கோரை ஓரத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. வெறுமனே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1

அறுநூறாம் எண் வாங்கினேன். திருவாரூரில் பயிற்சி கொடுக்கும் அனீஸா போனில் பதறினாள். “அம்பது பவுண்டு வில்லுல அறுநூறா? ஒடைஞ்சா சிராய் நேரா ஒங்க எடது கையில ஏறும். ஒவ்வொரு தடவையும் வளைச்சு, காதுகிட்ட வச்சுக் கேளுங்க. நெறுநெறுன்னா தூக்கிப் போட்டுடுங்க.”

வளைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. நல்ல அம்பு. இந்த வில்லில் இது வலது பக்கம்தான் போக முடியும். வேறு வழியே கிடையாது.

இடது பக்கம் போனது. அதே இடம்.

என்ன இது? நான் படித்ததெல்லாம் பொய்யா?

மார்ச் 2

அனீஸா நேரில் வந்தாள். என் வில், என் ஐந்நூறாம் எண், என் மொட்டை அம்பு. அவளும் வலக்கைக்காரி, என் உயரம்தான். விட்டாள். கட்டின் நடுவில் நேராய்க் குத்தி நின்றது. மறுபடி விட்டாள். அதே இடம்.

“அம்புல ஒண்ணுமில்லக்கா. ஒங்ககிட்டதான் ஏதோ இருக்கு. நில்லுங்க, எடுக்குறேன்.”

போனில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். இழுக்கிறேன். தாடையில் கை பதிகிறது. கண் இலக்கில் இருக்கிறது. விரல் நாணை விடும் அந்த நொடியில் என் தலை இடது பக்கம் திரும்புகிறது. வில் பிடித்த கையும் கூடவே போகிறது. எல்லாத் தடவையும். எனக்குத் தெரியவே தெரியாது. திரும்பினேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

“அங்க என்ன பாக்குறீங்க?” என்றாள்.

பார்க்கவில்லை. அந்தத் தலை திரும்பலைப் பார்த்தால் தெரிகிறது. அது பார்ப்பதற்காகத் திரும்பியது இல்லை. யாராவது கூப்பிட்டால் திரும்புவோமே, அது.

மார்ச் 3

வில்லைத் தொடவில்லை. சமையல்கட்டில் நின்றபோது அறிவுமதி பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பப் பயமாக இருந்தது.

மார்ச் 6

அனீஸா ஒரு பொருள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அம்பின் பின்நுனியில் மாட்டும் சின்ன விளக்கு. நாண் தட்டியதும் சிவப்பாய் எரியும். அம்பு எங்கே விழுந்தாலும் தெரியும். பொழுது சாய்ந்த பின் போனேன். வேண்டாம் என்றுதான் மனது சொன்னது. கால் போய்விட்டது.

நீலாம்பாள் அக்கா புல்கட்டோடு வரப்பில் நின்றிருந்தார். இந்த முறை இலக்கைத் தவிர எதையும் நினைக்கக் கூடாது, கழுத்தை அசைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். சிவப்புக் கோடு இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், கோரைக்குள் நுழைந்து, அணைந்தது.

அணையவில்லை. கிட்டே போனபோது தெரிந்தது. மண்ணுக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

கோரையை விலக்கினேன். காய்ந்த ஆகாயத்தாமரை மூடிய சிமெண்டுக் குழாய் ஒன்று. வயல் தண்ணீரை வடிகாலில் விடக் கரைக்கு அடியில் எந்தக் காலத்திலோ பதித்தது. அந்தக் கார்த்திகை மழையில் கரை உடைந்தபோது பொக்லைன் வந்து மண்ணைத் தள்ளி மறுபக்க வாயை மூடிவிட்டது. இந்தப் பக்க வாய் தை வரைக்கும் தண்ணீருக்குள் கிடந்தது. அப்படி ஒன்று இருப்பதையே எல்லாரும் மறந்திருந்தார்கள்.

உள்ளே என் அம்புகள் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால், சிவப்பு வெளிச்சத்தில், ஒரு மண்வெட்டிக் காம்பு.

நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அக்கா நகரவில்லை. மண்டியிட்டார். குழாய்க்குள் தலையை நீட்டி, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே மெதுவாகக் கூப்பிட்டார்.

“ஏங்க.”

மார்ச் 7

போலீஸ் வந்து தோண்டி எடுத்தார்கள். அடைத்திருந்ததை எடுக்கக் குனிந்தபோது தண்ணீர் உள்ளே இழுத்திருக்கும் என்றார்கள். கையில் கிடந்த செம்புக் காப்பை வைத்து அக்கா அடையாளம் சொன்னார். அம்புகளை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கூட்டத்தைப் பார்த்து அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினார். “அவுங்க எங்கயும் ஓடிப் போவல. தண்ணி வடிக்கத்தான் போயிருக்காங்க.”

மார்ச் 10

துக்கம் கேட்க ஊரே போனது. எவளோடு என்று பேசியவர்களும் போய் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. எழுந்து ஏதாவது கேட்டுவிடலாமா என்று இருந்தது. அறிவுமதி கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஏப்ரல் 20

தஞ்சாவூர். ஐந்நூறாம் எண், நடுத்தரக் கனத்தில் முனை. எல்லாம் நேராகப் போயின. நான்காவது இடம். அனீஸா குதித்தாள். நானும் சிரித்தேன்தான். ஆனால் நாணை விடும் ஒவ்வொரு முறையும் காது எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. அவ்வளவு பேர் நடுவில் நின்றுகொண்டு, தனியாக இருக்கிற மாதிரி இருந்தது.

ஜூலை 13

அக்கா வயலில் நடவு. ஆள் பற்றவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைதானே என்று நானும் இறங்கினேன். பறித்துக் கட்டிவைத்த நாற்று முடிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. மதியம் மற்ற பெண்கள் சாப்பிடப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம்.

“அந்தப் பொண்ணு எல்லாம் சொல்லிச்சு டீச்சர். வீடியோவும் காட்டிச்சு” என்றார்.

அனீஸா எப்போது இங்கே வந்தாள்? எனக்குத் தெரியாது.

“நான் தெனமும் அங்கதான் புல்லறுத்தேன். அந்தக் கோரையைத் தாண்டித்தான் போவேன், வருவேன்.” காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். “ஒங்களக் கூப்புடத் தெரிஞ்சவுங்களுக்கு, என்னக் கூப்புடத் தெரியலையே.”

என்ன சொல்வது? காற்று என்று சொல்லலாம். பழக்கதோஷம், கழுத்து நரம்பு என்று அனீஸா சொன்னதையெல்லாம் சொல்லலாம்.

ஒரு நாற்று முடியை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.