பால்கனியில் தூங்குகிறவள்

ஜனவரி 8, வியாழன்

மணி ஒன்றரை. இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், ஹென்னிங். ஈஸ்டருக்கு நீ இத்தாலி வரும்போது படிக்கத்தானே இந்த நோட்டு. நம் மகள் ஸ்டீனா இப்போதுதான் கண் மூடினாள். ஒன்பது மாதக் குழந்தைக்கு இவ்வளவு குரல் எதற்கு?

இன்று கோச் ப்ரூனா தனியாகக் கூப்பிட்டார். "பிள்ளை பெத்து வந்தப்புறம் அஞ்சு மேட்ச் ஆடிட்டல்ல. ஒரு கோல் இல்ல. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு போடு. இல்லேன்னா மேல இருக்கறவங்க வேற ஸ்டிரைக்கர் தேடுவாங்க."

அப்படியானால் ஜூனில் ஒப்பந்தம் முடிந்ததும் நம் ஊர் உமேயோவுக்குத் திரும்பி, நீ பாடம் நடத்தும் பள்ளியிலேயே நானும் வேலை கேட்கவேண்டியதுதான். இருபத்தேழு வயதில் முடிந்ததா என் ஆட்டம்?

ஜனவரி 11, ஞாயிறு

கடைசி இருபது நிமிடம் இறங்கினேன். கோல்கீப்பர் தரையில், வலை காலி. மேலே அடித்தேன். தூக்கக் கலக்கம் — இதை யாரிடம் சொல்ல?

ஜனவரி 13

மதியம் ஸ்டீனாவைக் கம்பளிப் பைக்குள் வைத்து, தள்ளுவண்டியோடு பால்கனியில் விட்டேன். நீயும் நானும் இப்படிப் பனியில் தூங்கி வளர்ந்தவர்கள்தானே. இங்கே குளிரென்று சொல்லவும் கூச்சம், மூன்று டிகிரி.

பத்தே நிமிடம். கீழ்வீட்டு ஓர்னெல்லா அம்மாள் கையில் கரண்டியோடு மேலே ஓடிவந்தார்.

"பச்சப் பிள்ளைய வெளிய தள்ளிட்டு உள்ள காபி குடிக்கிறியா? நெஞ்சு இருக்கற எடத்துல என்ன, பந்தா இருக்கு உனக்கு?"

"எங்க ஊர்ல இப்படித்தாம்மா..."

"உங்க ஊர்ல கரடிகூடக் குளிருக்கு உள்ள போய்த்தான் படுக்கும்."

குழந்தையை உள்ளே எடுத்துவந்தேன். போலீசில் சொல்லிவிடுவாரோ? வெளிநாட்டுக்காரி, துணைக்கு ஆள் இல்லாதவள் — என்ன நினைப்பார்கள்?

ஜனவரி 16

ஹீட்டர் போட்ட அறையில் தூங்கமாட்டேன் என்கிறாள். பகல் முழுக்க நாற்பது நிமிடம். ஓர்னெல்லாவுக்குப் பயந்து பால்கனிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறேன். அவளைக் கிளப் காப்பகத்தில் விட்டுப் போகும் காலைப் பயிற்சியில் பந்து தாண்டிப்போன பிறகு கால் தூக்குகிறேன்.

ஜனவரி 18

முழு மேட்சும் வெளியே பெஞ்சில்தான்.

ஜனவரி 20

கதவு தட்டல். மறுபடி ஓர்னெல்லா.

"ஒரு வாரமா மத்தியானத்துல உன் பொண்ணு என் தலைக்கு மேல கத்தறா. நான் கண்ணசர வேணாமா?"

"நீங்கதானே உள்ள வெக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப அதுக்கென்ன?"

தள்ளுவண்டியை அவரே பால்கனிக்கு உருட்டினார். கீழே போய்க் கோட்டு, தொப்பி, கணவருடைய கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஒரே ஒரு தும்மல். அடுத்த நிமிஷம் உள்ள கொண்டு வந்துருவேன்."

ஸ்டீனா மூன்று மணி நேரம் தூங்கினாள். நானும்தான். தும்மியது ஓர்னெல்லா.

ஜனவரி 23

தினமும் மதியம் காவல் நடக்கிறது. இன்று பயிற்சியில் மூன்று கோல். ப்ரூனா பச்சைச் சட்டையை என்மேல் எறிந்தார். ஞாயிறன்று முதலிலேயே இறங்குகிறவர்களின் நிறம் அது.

ஜனவரி 25, ஞாயிறு

அறுபத்தோராவது நிமிடம். இடப்பக்கமிருந்து பந்து வந்தது, தலை தானாகப் போனது. வலை குலுங்கியது.

திரும்பினால் வேலிக்குப் பின்னால் ஓர்னெல்லா. ஒரு கை தள்ளுவண்டியில், மறு கையால் பக்கத்துக் கூட்டத்தை அடக்குகிறார்: "மெல்லக் கத்துங்கய்யா, பிள்ளை தூங்குது."

ஜனவரி 30

கிளப் தந்த இரண்டு வருடப் புது ஒப்பந்தம் சமையல் மேசையில் கிடக்கிறது. திங்கள் வரை அவகாசம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பள்ளியை விட்டு நீ இங்கே வருவாயா என்று நாம் பேசி முடிக்கவே இல்லையே. எனக்கு இங்கேதான் ஆட வேண்டும், நீயும் பக்கத்தில் இருக்க.

ஓர்னெல்லாவும் ஒன்று கேட்கச் சொன்னார்: "உன் புருஷனுக்குக் குளிர்ல உக்காரத் தெரியுமா? எனக்குச் சளி புடிச்சிருச்சு."

ஈஸ்டர் வரை இதற்குக் காத்திருக்க முடியாது. பக்கங்களைப் படமெடுத்து இப்போதே அனுப்புகிறேன். சீக்கிரம் பதில் போடு, ஹென்னிங்.