பனங்காய் பூசின கார்

உடுப்பிட்டி
22.10.1992

அன்பு மகன் தில்லைநாதனுக்கு,

பிள்ளையாரின் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் உடம்புக்குச் சுகம், நீயும் அந்த ஜேர்மன் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். உடம்புக்குத்தான் சுகம், உன் அப்பாவோடு மாரடித்து எனக்கு மூளை கலங்கிப் போயிருக்கிறது.

தங்கச்சி குணலட்சுமியின் கலியாணம் தை மாதம் என்று முடிவாகிவிட்டது. நாள் பேசுவதற்கு அப்பா நீ விட்டுப்போன உன்னுடைய காரைத்தான் சாவகச்சேரிக்கு எடுத்துப் போனார், இந்தப் பொருள் தடையில் பெற்றோல் ஏது, மண்ணெண்ணெயில் இருமி இருமித்தான் ஓடுகிறது. திரும்பும்போது மழை விட்டு இருட்டுகிற மைமல் நேரம், ஊரில் உள்ள ஈசல் எல்லாம் முன்பக்கத்தில் மோதிச் செத்திருக்கிறது. வந்த கையோடு கழுவுங்கோ என்றேன், நாளைக்குப் பாப்பம் என்றார். நாளை நாலு நாளாகி, வெயிலில் காய்ந்து, பசை போட்டு ஒட்டினதுபோல ஆகிவிட்டது. அதன் பிறகுதான் உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தார். காய்ந்த பூச்சியைச் சுரண்டாமல் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துப் போர்த்து ஊறவிட வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதை. இங்கே சவர்க்காரத்தைக் கண்ணால் கண்டு எத்தனை மாதம், நாங்களே பனங்காயைப் பிசைந்துதான் சீலை தோய்க்கிறோம். சீலை ஊத்தை போகுதெண்டா கார் ஊத்தையும் போகும்தானே என்று நாலு பனங்காயைப் பிசைந்து முன்பக்கப் பொனற் மூடி முழுக்கப் பூசினார். வெறும் தண்ணி காணும், அதுவே போதும் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்கவில்லை. என்னுடைய பழைய சீலையை மேலே போர்த்துவிட்டு, ஊறட்டும் என்று பக்கத்து வீட்டுக் கந்தப்புவோடு கதைக்கப் போய்விட்டார்.

கந்தப்புவின் மாட்டுக்குப் பனங்காய் என்றால் உயிர் என்று ஊருக்கே தெரியும். அது கட்டறுத்து வந்து சீலையை இழுத்து எறிந்துவிட்டு முழுவதையும் நக்கியிருக்கிறது. ஈசல் ஒன்றுகூட மிச்சமில்லை, அது உண்மை. ஆனால் கொம்பு பட்டு முழ நீளத்துக்கு மூன்று கீறல், தகரம் தெரிகிறது. உங்கடை வாசல் படலையை ஆர் திறந்து விட்டது என்று கந்தப்பு சண்டைக்கு வர, நான்தான் கொழுவாமல் வந்திட்டன் போலை என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்ணின் சகோதரன்தான் தோழனாகப் போய் மாப்பிள்ளையைக் கூட்டி வர வேண்டும். நீ வர முடியாது. அவன் வராட்டிலும் அவன்ரை கார் போகட்டும் என்றுதான் அப்பா அந்தப் பாடுபட்டார். இப்போது கீறின காரை விட்டால் உன்னை அவமதித்ததாகுமாம், வேறு கார் கேட்டு அலைகிறார். அண்ணேன்ரை கார் போகாட்டி நான் மணவறைக்கு வரமாட்டன் என்று இவள் அழுகிறாள். உனக்கு எழுத வேண்டாம் என்று என்னிடம் சத்தியமும் கேட்டார். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, மனுசன் மெலிந்து போனார், பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதைக் கொழும்புக்குப் போகிற செபஸ்தியம்மா ரீச்சரிடம் கொடுத்து விடுகிறேன். கிடைத்த உடனே அப்பாவுக்கு எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு. அந்தக் காரிலேயே மாப்பிள்ளையைக் கூட்டி வாங்கோ என்று உன் கையால் ஒரு வரி எழுதினால் போதும். காது மூடித் தொப்பி போடு, நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லாயிருக்க வேணும் ராசா.

இன்னும் ஒன்று. அன்றைக்கு அவர் கந்தப்பு வீட்டுக்குப் போன பிறகு, சீலை தோய்க்கப் பனங்காய் பொறுக்கி வந்து படலையைக் கொழுவாமல் விட்டது நான்தான். இருபது நாளாக அவரைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வரட்டும், சொல்லிப்போடுகிறேன்.

உன்னை நினைத்தபடி,
அம்மா நல்லம்மா